ஏப்ரனைக் கழற்றிவைத்தவர்கள்

1959 ஜனவரி 5. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அன்று கடுங்குளிர். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியிருந்தது. பலத்த காற்று வேறு. அந்த ஊரின் ஓர் அலுமினியத் தொழிற்சாலையில் இயந்திரப் பட்டறையைச் சூடாக வைத்திருக்கும் பெரிய எண்ணெய் உலை முந்தின இரவே பழுதாகிவிட்டது. காலையிலும் அதைச் சரிசெய்யவில்லை. வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். குளிரைப் பற்றி மேஸ்திரியிடம் பலமுறை சொல்லிப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள். பேசித் தீர்க்கச் சங்கமும் கிடையாது. ஏழு பேர் ஒன்றாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அனுமதி வாங்காமல் வேலையிடத்தை விட்டுப் போகக் கூடாது என்ற விதியைக் காட்டி நிறுவனம் ஏழு பேரையும் வேலையிலிருந்து நீக்கியது.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றிருந்தது: இன்னது வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், நிறுவனத்துக்கு அதைச் செய்துதர ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், அதைச் செய்யாமல் எழுந்து போனது தவறு என்றது. 1962-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் இல்லாதபோது, தங்களால் முடிந்த வழியில் தாங்களே பேச வேண்டியிருந்தது என்று சொன்னது. சேர்ந்து எழுந்து போனதையே அவர்களின் பேச்சாக ஏற்றுக்கொண்டது. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தொழிலாளர்கள் கூட்டாக எடுக்கும் நடவடிக்கைகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. சங்கமே இல்லாத ஏழு பேர் முன்னறிவிப்பின்றி வெளியேறியதும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்பது அன்று உறுதியானது.

இன்று அமெரிக்காவில் ஒரு தெருமுனைக் காபிக் கடையின் ஊழியர்கள் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே வரும்போது, அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் சட்டம் இதுதான். காலுக்கு அடியில் இருப்பது உறுதியான தரையா என்பது வேறு கேள்வி.

அந்தக் குளிர்காலைக்குச் சரியாக 63 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரி 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் எல்ம்வுட் அவென்யூவிலிருக்கும் ஸ்டார்பக்ஸ் கடையின் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஓமிக்ரான் பரவல் உச்சத்தில் இருந்த வாரம் அது. உடன் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொற்று வந்துகொண்டிருந்தது, ஆள் போதவில்லை, இந்த நிலையில் பாதுகாப்பாக வேலை செய்ய முடியாது என்பது அவர்களின் புகார். வெளியே வந்தவர்கள் கடை ஊழியர்களில் ஒரு பகுதியினர்தான். ஆனால் அது சாதாரணக் கடையல்ல. நான்கு வாரங்களுக்கு முன், 2021 டிசம்பர் 9 அன்று, அந்தக் கடையின் வாக்குகள் எண்ணப்பட்டிருந்தன: சங்கம் வேண்டும் என்று 19 பேர், வேண்டாம் என்று 8 பேர். நிறுவனம் நேரடியாக நடத்தும் அமெரிக்கக் கடைகள் அப்போது ஏறத்தாழ 9,000. அவற்றில் சங்கம் வைத்திருந்த முதல் கடை அதுதான். 1980-களில் சியாட்டிலில் இருந்த பழைய சங்கம் கலைந்து முப்பது வருடங்களுக்குமேல் ஆகியிருந்தது.

வாக்கெடுப்புக்கு முன் நடந்த ஒரு வாதம் முக்கியமானது. பஃபலோ வட்டாரத்தில் உள்ள சுமார் இருபது கடைகளும் சேர்ந்தே வாக்களிக்க வேண்டும் என்றது நிறுவனம். ஒவ்வொரு கடையும் தனி அலகு என்றது, 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் உறவு வாரியம். சிறிய அலகு என்பதால் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள். இருபத்தேழு பேர் எடுத்த முடிவு அது. ஒரு காபிக் கடையில் ஷிஃப்டுக்கு ஐந்தாறு பேர். ஒருவர் கவுண்டரில் ஆர்டர் வாங்குவார், இருவர் மெஷினில் நிற்பார்கள், ஒருவர் உணவைச் சூடாக்குவார். கவுண்டருக்கு முன்னால் வரிசை. பல கடைகளில் காரில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் ஜன்னல். இவற்றுக்கு நடுவே, கைபேசிச் செயலியில் யாரோ எங்கிருந்தோ அனுப்பும் ஆர்டர்கள் சின்ன ஸ்டிக்கர்களாக அச்சாகி நீண்டு தொங்கும். கவுண்டர் வரிசை நீளமாக இருந்தால் வருகிறவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். செயலியில் அனுப்புகிறவருக்கு வரிசை தெரியாது. இரண்டு பேர் வராத நாளில் மீதி நான்கு பேரின் கைகள் என்ன பாடுபடும் என்பது அந்த நான்கு பேருக்குத்தான் தெரியும், நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் இப்படி ஒரே முடிவுக்கு வரக் கூட்டம் போட வேண்டும், தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இங்கே ஒரு பார்வை போதும்.

கடைச் சாவி பெரும்பாலும் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையில் இருக்கும். அவரும் மணிக்கூலிக்காரர்தான், அவருக்கும் சங்கத்தில் ஓட்டு உண்டு. மேனேஜருக்கு இல்லை. சூப்பர்வைசரும் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் அன்று கடை இல்லை.

எங்கள் தெருமுனை டீக்கடையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ஒரு மாஸ்டர் ஏழெட்டு வருடம் இருந்தார். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். யாருக்கு லைட், யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்ததும் அவர் கைக்குத் தெரியும். ஒருநாள் காலையில் போனால் முதலாளியே பாய்லர் பக்கத்தில் நிற்கிறார். கை பழகாமல் ஆற்றியதில் டீ பாதி மேடையில் சிந்திக் கிடந்தது. "எங்கே மாஸ்டர்?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரி கணக்கு முடிச்சிட்டுப் போயிட்டாரு சார்" என்றார். "ஏன்?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. கூலியா, நேரமா, ஒரு சுடுசொல்லா, அந்தத் தெருவில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் புது மாஸ்டர் வந்தார். கடை பழையபடி நடந்தது.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு சிறு நூலில் இதை ஒரு சட்டகமாக வகுத்தார். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்கள்முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. விட்டுப் போய்விடலாம், அல்லது இருந்துகொண்டே குரல் எழுப்பலாம். எந்த வழியை எடுக்கிறார்கள் என்பதை அந்த இடத்தின்மேல் அவர்களுக்குள்ள பற்று தீர்மானிக்கிறது. உணவகத் தொழில் முழுக்க முதல் வழியால்தான் ஓடுகிறது. அமெரிக்காவிலும் சரி, நம்மூரிலும் சரி, வருடத்துக்குள் ஆட்கள் பெரும்பகுதி மாறிவிடும் தொழில் இது. போகிறவர் தன் காரணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து வருபவர் அதே குறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வெளிநடப்பு இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. காலால் வெளியேறுகிறார்கள், ஆனால் வேலையை விடவில்லை. திரும்பி வருவதற்காகவே வெளியே போகிறார்கள். எல்ம்வுட் ஊழியர்கள் கடைக்கு எதிரே பனியில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சில நாட்களில் வேலைக்குத் திரும்பினார்கள். வேறு வேலை தேடிப் போவதுதான் அவர்களுக்கு எளிது. அந்த மாதங்களில் அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் கடைகள் திண்டாடிக்கொண்டிருந்தன. எளிதானதைச் செய்யாமல் நின்றார்களே, அதைத்தான் நான் பற்று என்கிறேன். முதலாளிகள் பெரும்பாலும் இதை விசுவாசமின்மையாகப் பார்க்கிறார்கள். ஆனால் கடையைக் கைவிட மனமில்லாதவர்தான் வாசலில் நிற்பார்.

பற்று என்ற சொல் இந்த நிறுவனத்தின் வரலாற்றிலும் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் தன் ஊழியர்களை ஊழியர்கள் என்று அழைப்பதில்லை, பங்காளிகள் என்ற பொருளில் பார்ட்னர்கள் என்கிறது. 1988-இல் பகுதிநேர ஊழியர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. 1991-இல் பங்குகளைப் பகிர்ந்தது. அந்தத் தொழிலில் அன்று அரிதானது அது, அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் காப்பீட்டுக்குத் தகுதிபெற வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை முடிவு செய்பவர் ஊழியர் அல்ல, அட்டவணை போடுபவர். மணிக்கூலி உயர்ந்தாலும், மணிகள் குறைந்தால் மாதச் சம்பளமும் குறையும், காப்பீடும் கைவிட்டுப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கூலி விகிதத்தைத்தான் கேட்கிறார்கள். கடைக்குள் இருப்பவர்களின் பேச்சில் அடுத்த வாரம் எத்தனை மணி என்பதுதான் முதலில் வரும்.

பாஸ்டனில் காமன்வெல்த் அவென்யூ 874-ஆம் எண்ணிலுள்ள கடையில் சண்டை இதைச் சுற்றித்தான் மூண்டது. வாரத்துக்கு இத்தனை மணி நேரமாவது வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே வந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய கடை அது. வகுப்புக்குப் போய்க்கொண்டே வேலை பார்ப்பவர்களை அந்த நிபந்தனை வெளியே தள்ளிவிடும். 2022 ஜூலை 18 அன்று ஊழியர்கள் வெளியே வந்தார்கள். கடை வாசலில் இரவு பகலாக, முறைவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். 64 நாட்கள் அப்படியே இருந்தார்கள்.

இத்தாகா நகரின் கதை இன்னும் சின்ன விஷயத்தில் தொடங்குகிறது. கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 2022 ஏப்ரல் 8 அன்று அங்கிருந்த மூன்று ஸ்டார்பக்ஸ் கடைகளும் ஒரே நாளில் சங்கத்துக்கு வாக்களித்தன. ஒரு வாரம் ஆகியிருக்கும். காலேஜ் அவென்யூ கடையில் கிரீஸ் டிராப் பொங்கி வழிந்தது. பாலின் கொழுப்பும் உணவுக் கழிவின் எண்ணெயும் சாக்கடைக் குழாயில் போய் உறைந்து அடைக்காமல் பிடித்து நிறுத்துகிற தொட்டி அது. கழிவுநீர் அதற்குள் நிதானமாக ஓடும். கொழுப்பு மேலே மிதந்து தங்கிவிடும், நீர் மட்டும் அடியிலிருந்து வெளியேறும். மேலே சேர்ந்ததைக் குறித்த நாளில் அள்ளாவிட்டால் தொட்டி எதிர்த்துக்கொண்டு தரைக்கே வரும். நாள்கணக்கில் புளித்துக் கிடந்த பாலும் எண்ணெயும் கலந்த தண்ணீர். வழுக்கும், நாறும். அதன் நடுவே நின்று காபி போட முடியாது என்று ஊழியர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பால்டிமோர் பட்டறையில் உலை உடைந்ததற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் தொடக்கத்தில் அந்தக் கடை மூடப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரு வாரம்தான் அவகாசம். ஜூன் 10 அன்று கடை மூடப்பட்டது. கிரீஸ் டிராப் கோளாறு, ஊழியர் வருகைப் பிரச்சினை ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. இது பழிவாங்கல் என்று சங்கம் வழக்குத் தொடுத்தது. 2023 ஜூலையில் தொழிலாளர் உறவு வாரியத்தின் நீதிபதி, மூடியது சட்டவிரோதம், கடையைத் திறக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு வர ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. அதற்குள் மற்ற இரண்டு கடைகளும்கூட, அதே ஆண்டு மே மாதத்தில், மூடப்பட்டுவிட்டன. கார்னெல் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வளாகத்தில் ஸ்டார்பக்ஸ் காபி விற்கும் ஒப்பந்தத்தைக் காலாவதியான பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று ஆகஸ்டில் பல்கலைக்கழகம் சொன்னது. தினமும் காலையில் அதே கையிலிருந்து காபி வாங்கிக் குடித்தவர்கள் அந்த மாணவர்கள். அவர்கள் கோபத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சிறிய அலகின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. ஐந்தாறு பேர் ஒரு பார்வையில் முடிவெடுத்து வெளியே வரலாம். ஆனால் 9,000 கடைகளில் ஒன்று ஒருநாள் மூடியிருப்பது நிறுவனத்தின் கணக்கில் தூசு. கடையையே நிரந்தரமாக மூடினாலும் தூசுதான். ஒரே கடை வைத்திருக்கும் முதலாளிக்கு ஒருநாள் பூட்டு என்பது அன்றைய பாலும் ரொட்டியும் வீணாவது, மாத வாடகையில் ஒரு பங்கு. அவருக்கு வலிக்கும், அதனால் பேசுவார். அல்லது கடையை விற்றுவிட்டுப் போவார்.

சட்டத்தின் பாதுகாப்பிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. 1938-இல் மெக்கே ரேடியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று இன்றும் நிற்கிறது. கூலிக்காகவும் சலுகைக்காகவும் வேலைநிறுத்தம் செய்பவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது, ஆனால் அவர் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக அமர்த்திக்கொள்ளலாம். போராடுகிறவரின் வீட்டில் இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரியும்? நிறுவனம் சட்டத்தை மீறியதை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தம் என்றால் நிரந்தர மாற்றாள் வைக்க முடியாது. அதனால்தான் சங்கங்கள் தங்கள் போராட்டத்தை முடிந்தவரை இந்த இரண்டாம் வகையாகவே அறிவிக்கின்றன. கொஞ்ச நேரம் நிறுத்துவது, திரும்புவது, மறுபடி நிறுத்துவது என்று தொடர்ந்தால் சட்டப் பாதுகாப்பே போய்விடலாம். கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நிறுத்தினாலும் போய்விடலாம்.

இந்த இக்கட்டிலிருந்து பஃபலோவில் தொடங்கிய இயக்கம் கண்டுபிடித்த வழி, நாளைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒருநாள் ஸ்டார்பக்ஸ் விழாக்காலப் பானம் வாங்குவோருக்குச் சிவப்புக் கோப்பை ஒன்றை இலவசமாகத் தரும். வருடத்தின் மிக நெரிசலான நாட்களில் ஒன்று. 2022 நவம்பர் 17 அன்று, அந்த நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளின் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மறு ஆண்டு இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். 2024 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து நாட்களில் அது வளர்ந்து முந்நூறைத் தாண்டியது. தனித்தனி அலகுகள், ஆனால் ஒரே நாள். அப்போதைக்குச் சங்கம் வைத்திருந்த கடைகள் 500-க்கும் மேல். அவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த ஆண்டு இறுதிவரை முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2022-இல் சங்கம் இல்லாத கடைகளுக்கு மட்டும் நிறுவனம் கூலி உயர்வும் புதிய சலுகைகளும் கொடுத்ததை 2023 செப்டம்பரில் வாரிய நீதிபதி சட்டவிரோதம் என்றார். இத்தாகாவைப் போலவே இங்கும் தீர்ப்பு ஓராண்டுக்குப் பின்னால்தான் வந்தது. குளிருக்கு எழுந்துபோன ஏழு பேருக்கும் நியாயம் கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை மறக்கக் கூடாது.

அந்த ஏழு பேர் இன்று நம் நாட்டில் இருந்தால்? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலை செய்பவர்கள் மட்டும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. முன்னறிவிப்புக் கொடுத்து 14 நாட்கள் கழியாமல் யாரும் வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது சட்டம். உலை உடைந்த காலையில் 14 நாள் நோட்டீஸ் எப்படிக் கொடுப்பது? கழிவுநீர் தரைக்கு வந்த பிறகு இரண்டு வாரம் அதில் நின்று காபி போடச் சொல்வதா? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பெரிய ஆலைகளையும் உற்பத்தி இழப்பையும் மனத்தில் வைத்திருக்கலாம். அதன் சுமை விழுவது அன்றன்றைக்கு எழும் ஆபத்தைத் தன் உடம்பால் சந்திக்கிறவர்மேல். கூட்டாக எழுந்து நிற்க வழியில்லாதபோது எங்கள் தெரு மாஸ்டர் போன வழி ஒன்றுதான் மிஞ்சும்: ராத்திரி கணக்கு முடித்துக்கொண்டு, காரணம் சொல்லாமல், தனியாக.

கடைக்காரரே போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. அதே பால்டிமோர் நகரின் ஹாம்ப்டன் பகுதியில் காமன் கிரவுண்ட் என்று ஒரு பழைய காபிக் கடை. ஊழியர்கள் சங்கம் அமைக்க முற்பட்டிருந்த நேரத்தில், 2023 ஜூலையில், அது மூடப்பட்டது. சில மாதங்களில் அந்த ஊழியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து அதைத் திறந்தார்கள்.

இந்தியாவில் இது அதற்கு 66 வருடங்களுக்கு முன்பே, இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1936-இல் பம்பாயில் தொடங்கி, காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்புவதற்காக நாடெங்கும் நடத்தப்பட்ட காபி ஹவுஸ்களை 1950-களின் நடுவில் அரசின் காபி வாரியம் மூடத் தொடங்கியது. இங்கே வெளியேறியது முதலாளி. தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கண்ணூர்க்காரரான பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களிடம் சொன்ன யோசனை, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பது. 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அக்டோபர் 27 அன்று டெல்லியில் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறந்தது. அடுத்த மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. காபி போட்டதும் பரிமாறியதும் கணக்குப் பார்த்ததும், வாரியம் வேண்டாம் என்று அனுப்பியவர்கள்தான்.